பரண்மேல் சேலம்: பழைய காகிதம் சேர்ப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் என் அப்பா அச்சகம் வைத்திருந்தார். அதன் மாடியில்தான் இப்போது என் சேகரிப்பு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கிரயப் பத்திரம், போட்டோ, கொஞ்சம் நாணயம், கொஞ்சம் ஓலைச்சுவடி. நேரில் வருபவர்களும் போனில் கூப்பிடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் வரலாற்றுப் பேராசிரியரா?

இல்லை. பி.காம். படித்துவிட்டு அப்பாவின் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆஃப்செட் அச்சு வந்து, ஈய எழுத்துக் கோர்த்து அடிக்கும் ட்ரெடில் மெஷினுக்கு வேலை இல்லாமல் போன பிறகு மூடிவிட்டேன். ஊர் வரலாறு எழுதுகிறவர்களில் என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். தபால்காரர், தமிழாசிரியர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பலர். இவர்களில் பழைய சர்வேயர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். எந்த ஏரி எப்போது பஸ் ஸ்டாண்டாக மாறியது என்று அவருக்குத்தான் தெரியும்.

சேகரிப்பு எப்படி ஆரம்பித்தது?

அப்பாவின் சிக்கனத்தில் ஆரம்பித்தது. அச்சகத்தில் எந்த வேலை முடிந்தாலும் ஒரு பிரதியை ஆபீஸ் காப்பி என்று கம்பியில் குத்தி வைப்பது வழக்கம். கம்பி நிறைந்ததும் மற்ற அச்சகங்களில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். அப்பா மட்டும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, கணக்குப் போட உதவும் என்று கட்டிப் பரணில் போட்டார். அந்தப் பின்பக்கங்களில் இன்றும் பால் கணக்கும் மை டின் கணக்கும் இருக்கின்றன. முன்பக்கத்தில் ஊர் இருக்கிறது.

ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினால் புரியும். சேலத்தில் குகை என்ற பகுதியைச் சேர்ந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று. ரோஸ் நிறக் காகிதம் வெளுத்துத் தோல் நிறமாகிவிட்டது. நடுவில் கம்பி குத்திய ஓட்டை, அதைச் சுற்றித் துரு வட்டம். மணமகன் பெயருக்குப் பின்னால் ‘கைத்தறி ஜவுளி வியாபாரம்’ என்று இருக்கிறது. முகூர்த்தம் இரவில். விருந்துக்கு வருபவர்களுக்கு ஒரு வரி: ‘ரேஷன் காரணமாக விருந்து எளிய முறையில்’. யுத்த காலமும் அதற்குப் பிந்தைய அரிசித் தட்டுப்பாடும் எங்கள் தெருக்காரர்களின் இலையில் எப்படி விழுந்தன என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். 1867-ம் ஆண்டின் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட்டாக வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் நம்மைக் கண்காணிக்கப் போட்ட சட்டம்தான், ஆனால் என் போன்றவர்களுக்கு அது பெரிய உபகாரம். அந்த ஒரு வரியை வைத்து, இல்லாமல் போன அச்சகங்களை எல்லாம் தெருவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்ள உங்கள் நிபந்தனை என்ன?

சீட்டு வேண்டும். யார் கொடுத்தார், யார் வீட்டில் இருந்தது, எந்த ஊர், என்றைக்கு வந்தது, கொடுக்கும்போது அவர் என்ன சொன்னார். இவ்வளவும் அன்றைக்கே எழுதி அந்தப் பொருளோடு கவரில் போட்டுவிடுவேன். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்றால் பாதி மறந்துவிடும், மீதியை நாமே கற்பனையில் நிரப்பிக்கொள்வோம். சேலத்தில் என்னைவிடப் பெரிய சேகரிப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. பீரோ பீரோவாக நாணயம் இருக்கும், எது எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டால் தெரியாது. எனக்கு அது சேகரிப்பாகவே தோன்றவில்லை, கையிருப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

“ஏனுங்க சார், எங்கிட்ட ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 ஈஸ்ட் இண்டியா கம்பெனி நாணயம் இருக்குது. எத்தன லட்சம் போகும்?”

ஒரு லட்சமும் போகாது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது.

ராமர், சீதை, அனுமன், சிவன் என்று சாமி உருவங்களோடு கம்பெனி நாணயம் அடித்ததே இல்லை. இவை கோயில் வாசலில் பூஜைக்கு விற்ற வில்லைகள். 1616, 1717, 1818, 1839 என்று மனம்போன ஆண்டு போட்டிருப்பார்கள். சிலவற்றில் ‘ஒரு அணா’ என்று இருக்கும். புழக்கத்துக்கான ஒரு அணா நாணயமே எட்வர்டு மன்னர் காலத்தில், 1900-க்குப் பிறகுதான் வந்தது. உண்மையான 1835 கம்பெனிக் காலணாவைப் பார்த்தால் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம் இருக்கும், சாமி இருக்காது.

ஓட்டைக் காலணா என்று நம் பாட்டிகள் சொல்வது 1943 முதல் 1947 வரை அடித்த ஒரு பைசா. யுத்தத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு, அதனால் நடுவில் ஓட்டை. இன்றும் எளிதாகக் கிடைக்கும். அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தது என்றால் அந்தக் கயிற்றோடு கொண்டு வாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை லட்சக்கணக்கில் வாங்குவதாக வரும் விளம்பரங்களும் ஏமாற்றுதான். கமிஷன், வரி என்று முதலில் உங்களிடம் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்டதால், தாங்கள் இப்படி எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை, கமிஷன் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021-ல் அறிவிப்பு வெளியிட்டது. அரிசியை இழுக்கும் நாணயம், இரிடியம் கலசம் பற்றிக் கூப்பிடுபவர்களுக்கு: போனை வைத்துவிடுவேன்.

தேதி இல்லாத காகிதம் எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய பத்திரங்களில் ‘ரௌத்திரி வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் வரும். 1860-ம் ரௌத்திரி, 1920-ம் ரௌத்திரி, 1980-ம் ரௌத்திரி. அப்போது முத்திரைத்தாளின் தலையைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் படம் இருந்தால் 1920 தவிர வேறு வழியில்லை, அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கான பசலி போட்டிருந்தால் இன்னும் சுலபம். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி 1330 என்றால் 1920 ஜூலையில் தொடங்கி 1921 ஜூனில் முடியும் ஆண்டு. கர்ணம் (கிராமக் கணக்கர்) எழுதிய கணக்கு, கிஸ்து (நிலவரி) ரசீது எல்லாவற்றிலும் பசலிதான்.

அச்சடித்த நோட்டீஸ் என்றால் வேறு துப்புகள் உண்டு. விலை ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா காலம், 1957 ஏப்ரலுக்குப் பின், 1964 வரை. ‘சேலம் ஜில்லா, தர்மபுரி தாலூகா’ என்றால் 1965 அக்டோபர் 2-க்கு முன், அன்றுதான் தர்மபுரி தனி மாவட்டமானது. நாமக்கல்லைச் சேலம் மாவட்டம் என்று போட்டிருந்தால் 1997-க்கு முன். ‘சென்னை ராஜ்யம்’ என்று இருந்தால் 1969-க்கு முன். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின்.

அப்புறம் எழுத்து. பழைய ‘லை’, ‘னை’க்கு யானைத் துதிக்கை மாதிரி மேலே கொம்பு இருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அவை மாறின. ஆனால் கொம்பு லை இருந்தால் 1978-க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். ஈய எழுத்துக்கு நாங்கள் போட்ட காசு எங்களுக்குத்தான் தெரியும். அரசு ஆணை வந்தது என்பதற்காக யாரும் ஒரே நாளில் எழுத்துப் பெட்டியான கேஸைக் கொட்டிக் கவிழ்க்கவில்லை. எங்கள் கம்பாசிட்டர் 80-களில்கூடக் கொம்பு லை கோர்த்தார். பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள்.

சேலத்துக்கு அப்படி என்ன பெரிய வரலாறு? மதுரை, தஞ்சாவூர் மாதிரி இல்லையே?

இந்தப் புலம்பலை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். 1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேர்ந்து இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடு வந்தார், அவருக்கு உதவியாளராக இருந்து நிலவரி வேலை பழகியவர்தான் பிற்காலத்தில் கவர்னரான தாமஸ் மன்றோ. நாட்டின் பாதி வருவாய்த் துறை வழக்கங்களுக்கு ஒத்திகை நடந்தது நம் வயல் வரப்புகளில்தான்.

1882-ல் ஊரில் கலவரம் நடந்தது. அந்த வழக்கில் சேலம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. 1920 நாகபுரி காங்கிரசுக்கு அவர் தலைவர். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர் நாற்காலியில் ராஜாஜி. அவரே 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள்.

இவை எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. எனக்குக் குறையாகப் படுவது வேறு. மதுவிலக்கு வந்த மறுநாள் கள்ளுக்கடைக்காரர் என்ன தொழிலுக்குப் போனார், மரமேறிகளின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கு என் மாடியில் காகிதமே இல்லை. தெரிந்த தாத்தாக்களிடம் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் குடும்பத்தில் அந்தத் தொழில் இருந்திருந்தால் வெட்கப்படாமல் பேசுங்கள்.

ஏற்காட்டில் வெள்ளைக்காரர்கள் காப்பி போட்டதைத் தவிர வேறு ஏதாவது?

காப்பிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார். என் தொழிலுக்கு முன்னோடி என்று நான் நினைப்பது வேறு ஒருவரை: ராபர்ட் புரூஸ் ஃபூட். புவியியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது மனிதன் செதுக்கிய ஆயுதம் என்று அடையாளம் கண்டவர். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் வீடு போட்டுத் தங்கினார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்ட பாதிரியார். மாமனார் பழமொழி சேர்த்தார், மருமகன் கல் சேர்த்தார். நல்ல குடும்பம்!

ஃபூட்டின் சேகரிப்பை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 1912-ல் அவர் காலமான பிறகு 1914-லும் 1916-லும் அதன் பட்டியல் இரண்டு பகுதிகளாக வெளியானது. அந்தப் பட்டியலை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கல்லுக்கு எண், எண்ணுக்கு எதிரே கிடைத்த இடம். நூறு வருஷம் கழித்தும் ஆராய்ச்சியாளர்கள் அந்த இடங்களைத் தேடிப் போக முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த ‘கிடைத்த இடம்’ என்கிற பத்திதான். நான் சீட்டு, சீட்டு என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான். ஏற்காட்டுக்குப் போனால் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். படகுச் சவாரிக்கு நிற்கும் கூட்டத்தில் கால்வாசிகூட அங்கே வராது.

மாடர்ன் தியேட்டர்ஸ் பொருள்கள் உங்களிடம் இருக்கிறதா?

பாட்டுப் புத்தகங்களும் பிட் நோட்டீஸ்களும் இருக்கின்றன. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும்படமே 1938-ல் இவர்கள் தயாரிப்புதான். ஏற்காடு ரோட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அந்த முகப்பு வளைவு. அதன் முன்னால் செல்ஃபி எடுப்பவர்கள் வளைவை நடிகர்களின் பெயரோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். நான் தேடுவது அங்கே தச்சு வேலை செய்தவர், லைட் பிடித்தவர், கேன்டீனில் டீ போட்டவர்களின் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, குரூப் போட்டோ. கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டிப் பக்கம் பழைய வீடுகளில் இருக்கக்கூடும். கதைச் சுருக்கம் சொல்லி ‘மீதியை வெண்திரையில் காண்க’ என்று முடியும் பாட்டுப் புத்தகம் என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு சிலை, எழுத்து வெட்டிய கல், பானை கிடைத்தது. உங்களிடம் கொண்டு வரலாமா?

வேண்டாம். இடத்தைவிட்டு நகர்த்தாதீர்கள். போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது தீப்பெட்டி வையுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்ததை மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் வருஷச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளுக்கு 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நான் வீட்டில் சிலை வைப்பதில்லை.

கல்லைச் சுத்தம் செய்யவும் வேண்டாம். கம்பி பிரஷ், ஆசிட், பெயின்ட் எதுவும் கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு குழைத்து நிரப்புகிறார்கள், தப்பான இடத்தில் கோடு இழுத்தால் பிறகு எல்லோரும் அந்தத் தப்பைத்தான் படிப்பார்கள். மைப்படி எடுப்பவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகத் தனியே நிற்கும். பார்க்கவே அழகான வேலை அது.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியவை நிறைய. ஆறகளூர்ப் பக்கம் தியாகனூரில் புத்தர் சிலை இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை, தொல்லியல் துறை ஆய்வுக்குப் பிறகு புத்தர் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் சொல்லப்பட்டது. தாமரைப் பீடம், தியானத்தில் வைத்த கைகள், சுருள் முடி, நீண்ட காது என்று அடையாளங்களை வரிசையாகப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு எல்லோருக்கும் உவப்பாக இருக்காது, சரி. ஆனால் ஒரு கல்லை நின்று பார்ப்பது எப்படி என்பதற்கு நல்ல பாடம்.

வீட்டில் உள்ள பழைய காகிதங்களை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேட் செய்யாதீர்கள். இதை மட்டுமாவது கேளுங்கள். பிளாஸ்டிக் சூட்டில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் பழுப்புக் கறையை விட்டுவிட்டு டேப் உதிர்ந்துபோகும். பத்திரத்தை மடிக்காமல் விரித்து, பருத்தித் துணியில் சுற்றி, தரையில் இருந்து உயரமான இடத்தில் வையுங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம், கறையான் அந்த வழியாகத்தான் வரும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பு போட்ட துணி முடிச்சு போதும். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப் புல் எண்ணெய் தடவலாம், ஆனால் முதல் முறை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பூஜைப் பாத்திரம் பளபளக்கலாம், காசு பளபளக்கக் கூடாது. பச்சையும் கருப்பும் படிந்திருக்கும் அந்த மேல்தோலோடுதான் எழுத்தும் இருக்கிறது.

விலை கொடுத்து வாங்குவீர்களா?

பழைய பேப்பர் கடைக்காரருக்குக் கொடுப்பேன். எடைக்கு என்ன கிடைக்குமோ அதைவிடக் கூடவே கொடுப்பேன், அப்போதுதான் அடுத்த மூட்டையைப் பிரிக்கும் முன் எனக்கு போன் செய்வார். குடும்பங்களிடம் விலை பேசுவதில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். விற்பதும் இல்லை.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

என் மனைவி சொல்வதை அச்சில் போட முடியாது. ஆனால் கருமாதிப் பத்திரிகைகளைச் சொந்தம் வாரியாகப் பிரித்துக் கொடுத்தது அவர்தான். யார் யாருக்கு மருமகள், எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பத்திரிகையில் பெயர் விட்டுப்போன மகளைக்கூட, “இவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க, ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிச்சு, அதான் போடல” என்று சொல்லிவிடுவார். அதையும் சீட்டில் எழுதி வைக்கிறேன். அந்த மகளின் பெயரைக் கேட்டு, அதையும்.

ஊர் வரலாறு எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

லெ ஃபானு எழுதிய 1883-ம் ஆண்டு சேலம் மாவட்ட மேனுவல், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918 கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூல்கள் இரண்டையும் படியுங்கள். படித்துவிட்டு, அவற்றை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளும் அதிகாரியின் மேஜையில் இருந்து பார்த்த ஊர் அது. அடுத்து எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அதற்கெல்லாம் முன்னால் உங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும்.

உங்களுக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு?

மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு இதில் நாட்டம் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முன்பு ஓரிடத்தில் கொஞ்சம் நோட்டீஸ்களைக் கொடுத்தேன். கட்டைப் பிரித்து, அழகானவற்றை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதனால் இப்போது எல்லாவற்றையும் சீட்டோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். பொருளையும் சீட்டையும் பிரிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்கும் நூலகத்துக்கு அசல் போகும். பேச்சு நடக்கிறது.

நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாருங்கள், சொல்லிவிட்டு வாருங்கள். பொருளைத் துடைக்காமல், இருந்த பையோடு அப்படியே எடுத்து வாருங்கள், பையில்கூட ஏதாவது கடைப் பெயர் இருக்கும். அது யாருடையது என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடியும் ஒரு பக்கம்தான். அவருக்கு முட்டி வலி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நான் நோட்டுப் புத்தகத்தோடு கீழே இறங்கி வந்துவிடுகிறேன்.